பாலாற்றுச் சமவெளியின் வடியா மண்

மண்ணின் வளத்தைப் பற்றிய பேச்சில் தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து ஆகிய மூன்றும் பெறும் கவனத்தில் சிறு பங்கைக்கூட அம்மண்ணின் நீர் வடிதிறன் பெறுவதில்லை. ஆனால் உரமிட்டு ஈடுசெய்ய இயலாத குறை ஒன்று மண்ணுக்கு உண்டென்றால் அது வடிதிறன் குறையே. மழையாகவோ பாசனமாகவோ நிலத்தில் சேரும் நீர், வேர்கள் ஓடும் ஆழத்தைக் கடந்து எவ்வளவு விரைவில் கீழே இறங்குகிறது அல்லது பக்கவாட்டில் வெளியேறுகிறது என்பதே வடிதிறன் எனப்படும். அந்நீர் வாரக்கணக்கில் தங்கி, மண் துகள்களுக்கிடையே உள்ள நுண்துளைகளில் காற்றுக்கு இடமில்லாமல் செய்துவிடும் நிலத்தை மண்ணியலார் வடியா மண் என வகைப்படுத்துவர். காற்றில் பரவுவதைவிட நீரில் ஆக்சிஜன் ஏறத்தாழ 10,000 மடங்கு மெதுவாகவே பரவுவதால், நீர் நின்ற சில நாட்களிலேயே மண்ணுக்குள் இருக்கும் ஆக்சிஜன் தீர்ந்துபோகிறது. அதன் பின் அங்கு நடக்கும் வேதிவினைகள் அனைத்தும் வேறு பாதையில் செல்கின்றன.

வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை, வாலாஜாபேட்டை எனப் பாலாற்றையும் அதன் கிளைகளையும் ஒட்டி நீளும் தோல் தொழில் வட்டாரம், 2019ஆம் ஆண்டுப் பிரிவினைக்குப் பின் வேலூர், திருப்பத்தூர், ராணிப்பேட்டை ஆகிய மூன்று மாவட்டங்களில் பரவிக் கிடக்கிறது. இவ்வட்டாரத்தின் நிலச் சீர்கேட்டைப் பற்றி நீதிமன்றங்களிலும் ஆய்வு நிறுவனங்களிலும் செய்தித்தாள்களிலும் 30 ஆண்டுகளுக்கு மேலாகப் பேசப்பட்டு வந்தாலும், அப்பேச்சு பெரும்பாலும் கழிவுநீரைப் பற்றியதாக, அதாவது குழாயிலிருந்து வெளியேறுவது எவ்வளவு, அதில் கரைந்திருப்பது எது என்பதைப் பற்றியதாகவே அமைந்துள்ளது. அந்நீரை வாங்கிக்கொண்ட மண் எத்தகையது, அது ஏன் தான் வாங்கியதை விடவில்லை என்ற கேள்விகள் பின்தள்ளப்பட்டன. இவ்வட்டாரத்துக்கு நேர்ந்ததை நீரின் கெடுதியாக மட்டும் கண்டு, மண்ணின் வடிதிறன் இழப்பாகக் காணத் தவறியதே மீட்புப் பணி நெடுங்காலம் முடங்கிக் கிடந்ததற்கான முதன்மைக் காரணங்களுள் ஒன்று எனக் கருத இடமுண்டு.

வடியா மண் எல்லா நாட்டிலும் ஒரே தன்மையுடையது அன்று. அது எந்தப் பாறையிலிருந்து பிறந்தது என்பதே அதன் குணத்தைப் பெரிதும் தீர்மானிக்கிறது. இதை விளங்கிக்கொள்ள எரிமலைச் சாம்பலிலிருந்து உருவான மண்ணை ஒப்பிட்டுப் பார்ப்பது பயன் தரும். ஜப்பான், நியூசிலாந்து, இந்தோனேசியா, சிலி ஆகிய நாடுகளில் பரவலாகக் காணப்படும் இவ்வகை மண், உலக நிலப்பரப்பில் ஏறத்தாழ நூற்றில் ஒரு பங்கே ஆயினும், மண்ணியலில் தனி வரிசையாகவே வைத்து எண்ணப்படுகிறது. சாம்பலில் உள்ள கண்ணாடித்துகள்கள் விரைவாகச் சிதைந்து, ஒழுங்கான படிக அமைப்பு இல்லாத அல்லோபேன், இமோகோலைட் ஆகிய நுண்கனிமங்களாக மாறுகின்றன. இவை உள்ளே வெற்றிடம் நிறைந்தவை ஆதலால் ஒரு கன சென்டிமீட்டர் மண்ணின் உலர் எடை 0.9 கிராமுக்கும் குறைவாகவே இருக்கும். நீரை மிகுதியாகத் தாங்கும், இலைமக்கைத் தன்னோடு கட்டிவைத்துக்கொள்ளும், இட்ட மணிச்சத்தில் பெரும்பகுதியைப் பயிருக்குக் கிடைக்காதபடி இறுகப் பிடித்துக்கொள்ளும் என்பவை இம்மண்ணின் அடையாளங்கள். சரிவுகளில் இது நன்றாகவே வடியும். ஆற்றுச் சமவெளியில் அடியில் ஒரு தடுப்பு அமைந்துவிட்டால் மட்டும் நிலை தலைகீழாகிறது.

தென் சிலியில் ஞாடி என்று அழைக்கப்படும் சமவெளிகள் இதற்குத் தக்க சான்று. அங்குப் பனியாறுகள் உருகி ஓடிய நீர் கொண்டுவந்து பரப்பிய சரளைக்கற்களின் மீது எரிமலைச் சாம்பல் மெல்லிய போர்வையாகப் படிந்துள்ளது. இரண்டுக்கும் நடுவே இரும்பு கரைந்து மீண்டும் படிந்து, தகடு போன்ற கடினப் படலத்தை உண்டாக்கியிருக்கிறது. மழைக்காலத்தில் இப்படலத்தின் மேல் நீர் நின்று காட்டை வெள்ளக்காடாக்குகிறது; கோடையில் அதே மெல்லிய மண் முற்றிலும் காய்ந்துபோகிறது. மரங்களை வெட்டி வடிகால் வெட்டப்பட்ட இடங்களில் மண் சுருங்கி, தன் நீர்தாங்கும் திறனில் ஒரு பகுதியைத் திரும்பப் பெறாதபடி இழந்தது என்பது இவ்வகை மண் கற்றுத்தரும் பாடம். அல்லோபேன் நிறைந்த மண் ஒருமுறை நன்றாகக் காய்ந்தால் மீண்டும் பழைய நிலைக்கு ஊறுவதில்லை.

பாலாற்றுப் படுகையில் எரிமலைச் சாம்பல் இல்லை. ஏலகிரி மலையின் சயனைட் பாறையும், திருப்பத்தூரை அடுத்த சேவத்தூரின் கார்பனடைட் பாறையும் உருகிய குழம்பிலிருந்து பிறந்தவைதாம். ஆயினும் அவை 75 முதல் 80 கோடி ஆண்டுகளுக்கு முன் நிலத்தின் அடியிலேயே ஆறி இறுகியவை, எரிமலை வாயிலிருந்து கக்கப்பட்டவை அல்ல. சேவத்தூரில் வெர்மிகுலைட் என்ற கனிமம் கிடைப்பதும், அக்கனிமம் சூட்டில் பொரிந்து உப்பி நீரைத் தாங்கும் இயல்புடையது என்பதும் தோட்டக்கலை அறிந்தோர்க்குத் தெரிந்த செய்தி. எனினும் பாலாற்று வண்டலில் பெரும்பகுதி இப்பாறைகளிலிருந்து வந்ததன்று. சார்னோகைட், நைஸ், கிரானைட் எனப்படும் மிகப் பழைய படிகப் பாறைகள் சிதைந்து உண்டான செம்மண்ணும் மணலும் களியுமே அது. எரிமலை மண்ணை வயலிலேயே இனங்காண, 1966இல் பீல்ட்ஸ், பெராட் என்ற நியூசிலாந்து ஆய்வாளர்கள் அறிமுகப்படுத்திய சோடியம் புளோரைடு சோதனை இன்றும் கையாளப்படுகிறது. அல்லோபேன் இருந்தால் கரைசலின் காரத்தன்மை சட்டென உயரும். இதே சோதனையைச் சுக்கான் எனப்படும் சுண்ணாம்புக்கல் கலந்த பாலாற்று மண்ணில் செய்தாலும் காரத்தன்மை உயர்ந்தே காட்டும் என்பதால், இங்கு அது தவறான முடிவுக்கே இட்டுச்செல்லும். அயல்நிலத்தின் அளவுகோலை அப்படியே எடுத்துவந்து பயன்படுத்துவதில் உள்ள இடர் இதுவே.

கர்நாடகத்தின் நந்தி மலைப் பகுதியில் தோன்றி, ஆந்திரத்தில் சிறிது தொலைவு ஓடி, தமிழ்நாட்டில் 222 கிலோமீட்டர் கடந்து கல்பாக்கத்துக்குத் தெற்கே கடலில் சேரும் பாலாறு, ஆண்டின் பெரும்பகுதியில் மேலே மணலாகவும் கீழே நீராகவும் இருந்த ஆறு. அதன் சமவெளியை மண்ணின் கண் கொண்டு பார்த்தால், ஒன்றுக்கொன்று வெகுவாக மாறுபட்ட இரு நிலங்கள் அருகருகே கிடப்பது தெரியும். ஆற்றங்கரையை ஒட்டிய மேட்டில் பருமணல் மிகுந்த வண்டல் உள்ளது; அதில் விழுந்த நீர் தங்காது. கரையிலிருந்து விலகிச் செல்லச் செல்ல வெள்ளம் வேகம் தணிந்து நுண்துகள்களை விட்டுச்சென்ற தாழ்நிலமும், அதை அடுத்து ஏரிகளின் கீழ் நூற்றாண்டுகளாக நஞ்சை பயிரிடப்பட்ட ஆயக்கட்டு நிலமும் வருகின்றன. இந்நிலங்களில் களி மிகுதி. சேற்றுழவால் இறுகிய அடித்தட்டு ஒன்று ஒரு முழத்துக்குள்ளேயே அமைந்திருக்கும். அதற்குக் கீழே பல இடங்களில் சுக்கான் படிவு உண்டு. பல்லவ மன்னன் மூன்றாம் நந்திவர்மன் காலத்ததாகக் கூறப்படும் காவேரிப்பாக்கம் ஏரி முதல் ஊருக்கு ஊர் உள்ள சிற்றேரிகள் வரை, இப்பகுதியின் ஏரி அமைப்பு முழுவதும் இக்களியின் நீர் நிறுத்தும் குணத்தை நம்பியே எழுப்பப்பட்டது. நெல்லுக்கு இது குறையன்று. தண்டு வழியே வேருக்குக் காற்றைக் கொண்டுசெல்லும் திசு நெற்பயிருக்கு உண்டு. தென்னைக்கும் வாழைக்கும் கரும்புக்கும் அவ்வசதி அந்த அளவுக்கு இல்லை.

இந்நிலத்தின் செங்குத்து வெட்டுமுகத்தைப் பார்த்தால் வடிதிறனின் வரலாறு நிறத்திலேயே எழுதப்பட்டிருப்பதைக் காணலாம். நன்றாக வடியும் செம்மண்ணில் இரும்பு ஆக்சிஜனோடு கூடிச் செந்நிறமாக நிற்கிறது. நீர் நிற்கும் ஆழத்தில் நுண்ணுயிர்கள் ஆக்சிஜன் இன்மையால் முதலில் நைட்ரேட்டையும் அடுத்து மாங்கனீசையும் அதன் பின் இரும்பையும் மூச்சுவிடப் பயன்படுத்துகின்றன. ஆக்சிஜனை இழந்த இரும்பு கரைந்து நகர்ந்துவிட, மண் சாம்பல் நிறமோ நீலம் கலந்த சாம்பல் நிறமோ பெறுகிறது. நீர்மட்டம் ஏறி இறங்கும் இடைப்பகுதியில், சாம்பல் நிறத்தின் நடுவே பழைய வேர்த்துளைகளைச் சுற்றிச் செம்மஞ்சள் துருப் புள்ளிகள் காணப்படும்; வேர் வழியே காற்று நுழைந்த இடங்கள் அவை. இரும்பும் தீர்ந்தபின் சல்பேட் சிதைந்து அழுகிய முட்டை நாற்றமுடைய வாயு எழுகிறது. சல்பைடும் சல்பேட்டும் கலந்த கழிவு தேங்கிய தாழ்வுகளில் இந்நாற்றம் ஏன் நிலைத்து நின்றது என்பதற்கு விடை இங்கே இருக்கிறது.

பழைய வேளாண்மை இந்நிலத்தின் குறையை அறியாமல் நடக்கவில்லை. வட ஆர்க்காட்டுப் பகுதியில் ஆற்றின் மணற்படுகையைக் கீறி, மணலுக்குள் ஊறும் நீரைச் சரிவிலேயே வயலுக்குக் கொண்டுவந்த ஊற்றுக்கால்கள், பாசன வழியாக மட்டுமே நூல்களில் பேசப்படுகின்றன. பாசனம் ஒருபுறம் நடக்க, நிலத்தடியில் சேர்ந்த மிகைநீருக்கு ஆறு எப்போதும் ஒரு தாழ்ந்த வாயிலாகத் திறந்திருந்தது என்பதே இந்த ஏற்பாட்டின் மறுபக்கம். ஏரியின் மிகைநீர் வழியும் கலங்கலிலிருந்து அடுத்த ஏரிக்கும், கடைசி ஏரியிலிருந்து ஆற்றுக்கும் செல்லும் ஓடைகளும் அவ்வாறே வடிகால்களாக இருந்தன. 1903ஆம் ஆண்டு நவம்பரில் மேல்நிலத்து ஏரிகள் உடைந்து வாணியம்பாடியை அழித்த பெருவெள்ளமும், 2021 நவம்பரில் ஆற்றை இரு கரையும் நிறைத்த வெள்ளமும் நினைவில் நிற்கும் பேரிடர்கள். ஆனால் அவற்றுக்கு இடைப்பட்ட சிறு வெள்ளங்கள் ஆண்டுதோறும் நிலத்தின் உப்பைக் கழுவிச் சென்ற பணி எந்தப் பதிவேட்டிலும் ஏறியதில்லை.

ஆண்டுக்கு ஏறத்தாழ 1,000 மில்லிமீட்டர் மழை பெறும் இப்பகுதியில் ஆவியாகக்கூடிய நீரின் அளவு மழையைவிட மிகுதி. ஆகவே வடியாத நிலத்தில் நீர் போவதற்கு மேலே ஒரு வழிதான் உண்டு. அது ஆவியாகும்போது கரைந்திருந்த உப்பு மேற்பரப்பிலேயே தங்கி வெண்மையாகப் பூக்கிறது. கரையும் உப்பு மிகுந்ததை உவர் நிலம் என்றும், களித்துகளோடு சோடியம் ஒட்டிக்கொண்டதைக் களர் நிலம் என்றும் தமிழ்நாட்டு உழவர்கள் பிரித்தறிவர். மண்ணியல் அளவையில் மின்கடத்து திறன் மீட்டருக்கு 4 டெசிசீமென்சுக்கு மேற்பட்டால் உவர். களித்துகள் பிடித்துவைத்திருக்கும் அயனிகளில் சோடியம் நூற்றுக்கு 15க்கு மேற்பட்டால் களர். இவ்விரண்டின் வேறுபாடு, தோல் வட்டாரத்தின் சிக்கலை விளங்கிக்கொள்வதற்குத் திறவுகோலாக அமைகிறது.

பச்சைத்தோல் கெடாமலிருக்க அதன் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேலாக உப்புத் தடவப்படுகிறது. தோல் பதனிடும் ஆலையான டேனரிக்கு வந்து சேரும் தோலை முதலில் ஊறவைத்து இவ்வுப்பை நீக்குவார்கள். அடுத்துச் சுண்ணாம்பும் சோடியம் சல்பைடும் இட்டு மயிர் நீக்குவார்கள். பின்னர் அமிலமும் உப்பும் கலந்த கரைசலில் இட்டு, குரோமியம் சல்பேட்டில் பதனிடுவார்கள். ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கொண்டு பதனிட்ட முந்தைய காலத்திலும் உப்பு வெளியேறத்தான் செய்தது. ஆனால் சீதாராமையா குழுவின் பரிந்துரையைத் தொடர்ந்து 1973 முதல் அரைகுறையாகப் பதனிட்ட தோலின் ஏற்றுமதி கட்டுப்படுத்தப்பட்டு, முழுமையாக முடித்த தோலும் தோற்பொருளும் ஊக்குவிக்கப்பட்டபோது, குரோமியப் பதனிடல் பரவி, பயன்படும் வேதிப்பொருள்களின் அளவும் வகையும் பெருகின. ஒரு கிலோ முடித்த தோலுக்கு ஏறத்தாழ 35 லிட்டர் நீர் செலவாகிறது எனவும், குரோமியப் பதனிடலில் 170 வகை வேதிப்பொருள்கள் கையாளப்படுகின்றன எனவும் 1996ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்பு குறிப்பிடுகிறது. மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வெளியேற்றத்துக்கு விதித்த வரம்பு, லிட்டருக்கு 2,100 மில்லிகிராம் கரைந்த உப்பு. தோல் ஊறிய நீரிலோ அது பத்து மடங்குக்கும் மேல் இருக்கும்.

இந்நீர் களிமண்ணில் சேரும்போது நிகழ்வது இரு கட்டமானது. களித்துகள்கள் எதிர்மின் ஏற்றம் உடையவை. கால்சியம் அயனி அவற்றை நெருக்கிப் பிடித்துச் சிறு கட்டிகளாக வைத்திருக்க, கட்டிகளுக்கிடையே உள்ள இடைவெளி வழியே நீரும் காற்றும் செல்கின்றன. சோடியம் மிகுந்த நீர் தொடர்ந்து பாயும்போது கால்சியம் படிப்படியாக இடம்பெயர்ந்து சோடியம் அமர்கிறது. ஆயினும் நீரில் மொத்த உப்பு மிகுந்திருக்கும் வரை களித்துகள்கள் சேர்ந்தே நிற்கும். பயிர் கருகினாலும் மண் நீரை உள்வாங்கிக்கொண்டுதான் இருக்கும். இதுவே உவர் கட்டம். கழிவுநீர் வருவது நின்று நல்ல மழை பெய்யும்போதுதான் இரண்டாம் கட்டம் தொடங்குகிறது. மழை, கரையும் உப்பைக் கழுவிவிடுகிறது. களியோடு ஒட்டிய சோடியத்தை அதனால் கழுவ இயலாது. உப்பின் அழுத்தம் நீங்கியதும் சோடியம் ஏறிய களித்துகள்கள் ஒன்றையொன்று விலக்கித் தனித்தனியாகப் பிரிந்து, நீரோடு நகர்ந்து, சற்றுக் கீழே உள்ள நுண்துளைகளை அடைத்துவிடுகின்றன. நிலம் ஈரத்தில் வழுக்கும் சேறாகவும் காய்ந்தால் கொழு இறங்காத பாறையாகவும் ஆகிறது.

ஆலைகளை மூடினாலும் கழிவைத் தடுத்தாலும் நிலம் தானே தேறிவிடும் என்ற எதிர்பார்ப்பு ஏன் பொய்த்தது என்பதற்கான விளக்கம் இந்த இரண்டாம் கட்டத்தில் அடங்கியிருக்கிறது. முன்பு சுமாராக வடிந்துகொண்டிருந்த நிலமும், நல்ல நீர் வந்தபின் வடியா நிலமாக மாறக்கூடும். இதை அறிய ஆய்வுக்கூடம்கூடத் தேவையில்லை. வயலின் காய்ந்த மண்கட்டி ஒன்றை ஒரு கண்ணாடிக் குவளையில் பிடித்த மழைநீரில் அசைக்காமல் இட்டு வைத்தால், கால்சியம் மேலோங்கிய மண் உதிர்ந்து அடியில் படிய, நீர் தெளிந்தே இருக்கும்; சோடியம் ஏறிய மண்ணைச் சுற்றிச் சில மணி நேரத்தில் பால் போன்ற கலங்கல் பரவி, மறுநாளும் தெளியாமல் நிற்கும். குவளையில் ஊற்றுவது உவர்க் கிணற்று நீராக இருந்தால் கலங்கல் தோன்றாது என்பதையும் கருத்தில் கொள்ள வேண்டும். மழைநீரில்தான் மண் தன் உண்மை நிலையைக் காட்டும்.

குரோமியத்தின் கதை இதிலிருந்து வேறுபட்டது. வடிதிறன் அங்கே இரு முனையும் கூரான ஆயுதம். பதனிடுவதற்குப் பயன்படும் குரோமியம் மூன்று இணைதிறன் கொண்டது. அது மண்ணில் எளிதில் கரைவதில்லை, களியோடும் மக்கோடும் ஒட்டி மேலடுக்கிலேயே தங்கிவிடுகிறது. ஆறு இணைதிறன் கொண்ட குரோமியம் நீரோடு ஓடக்கூடியது, புற்றுநோய் விளைவிப்பது. நீர் நின்ற, ஆக்சிஜன் அற்ற மண்ணில் உள்ள இரும்பும் மக்கும் ஆறு இணைதிறன் வடிவத்தை மூன்றாக மாற்றி முடக்கிவிடுகின்றன. அதாவது, வடியா மண் இவ்வகையில் ஒரு காவல். மாறாக, நிலம் காய்ந்து காற்றேறும்போது மண்ணில் இயல்பாக உள்ள மாங்கனீசு ஆக்சைடு, மூன்று இணைதிறன் குரோமியத்தின் ஒரு சிறு பகுதியை ஆறாக மாற்றக்கூடும் என 1979இல் பார்ட்லெட், ஜேம்ஸ் ஆகியோரின் ஆய்வு காட்டியது. ஆகவே, குரோமியம் மிகுந்த வயலில் வடிகால் வெட்டுவதற்கு முன் மாங்கனீசையும் மக்கையும் அளந்து பார்ப்பது இன்றியமையாதது. ராணிப்பேட்டை சிப்காட்டில் 1970களில் தொடங்கி 1990களின் நடுவில் மூடப்பட்ட குரோமேட் ஆலை விட்டுச்சென்ற லட்சக்கணக்கான டன் கழிவுக் குவியல் முற்றிலும் வேறு வகையைச் சேர்ந்தது. அங்கே தொடக்கத்திலிருந்தே ஆறு இணைதிறன் குரோமியம் இருக்கிறது, மழைதோறும் அது மஞ்சள் நீராகக் கசிகிறது. அக்குவியலையும் டேனரிக் கழிவு பாய்ந்த வயலையும் ஒரே தலைப்பின் கீழ் பேசுவது இரண்டுக்குமே நியாயம் செய்யாது.

சட்டத்தின் வரலாறு நன்கறியப்பட்டது. இங்கே மண்ணைத் தொடும் அளவுக்கு மட்டும் அதைக் குறிப்பிட்டால் போதும். வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்டு 28 அன்று நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு, மாசுபடுத்தியவரே ஈடுசெய்ய வேண்டும் என்ற கொள்கையையும் முன்னெச்சரிக்கைக் கொள்கையையும் நாட்டின் சட்டமாக ஏற்று, டேனரி ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் தண்டம் விதித்தது. தோல் தொழில் பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ சாகுபடிக்கு ஒவ்வாததாகிவிட்டது என்ற, வேலூரில் உள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழக ஆராய்ச்சி மையத்தின் கணிப்பை அத்தீர்ப்பு எடுத்தாண்டது. தீர்ப்பின்படி அமைந்த இழப்பீட்டு ஆணையம், 1991 முதல் 1998 வரையிலான இழப்புக்காக 15,000 ஹெக்டேருக்குச் சற்று மேற்பட்ட நிலத்தையும் 29,000க்கு மேற்பட்ட உழவர்களையும் கணக்கில் எடுத்தது. ஆண்டுவாரியாகப் பயிர் இழப்பைக் கணக்கிடும் முறை உழவருக்குச் சிறிது பணத்தைப் பெற்றுத்தர உதவியது. ஆனால் இழந்தது ஒரு போக விளைச்சல் அன்று, மண்ணின் கட்டமைப்பே என்பதை அம்முறையால் அளக்க இயலவில்லை.

தொழிற்சாலைகளின் தரப்பில் நடந்த மாற்றம் சிறிதன்று என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். ஆம்பூருக்கு அருகே துத்திப்பட்டு, வாணியம்பாடி, மேல்விஷாரம், ராணிப்பேட்டை ஆகிய இடங்களில் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் எழுந்தன. சென்னையில் 1948 முதல் இயங்கும் மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் உப்பைக் குறைக்கவும் குரோமியத்தை மீட்கவும் வழிகளை வகுத்தது. பின்னர், சவ்வூடு வடிகட்டி, எஞ்சியதைக் கொதிக்கவைத்து ஆவியாக்கி, கழிவுநீரே வெளியேறாத நிலையை எட்டும் முறை கட்டாயமாக்கப்பட்டது. அதன் விளைவாக இன்று மீட்கப்படும் உப்பும் கசடும் திடக்கழிவாகக் குவிகின்றன. 2015 ஜனவரி 31 அன்று ராணிப்பேட்டை சிப்காட்டில் கசடுத் தொட்டியின் சுவர் உடைந்து, அருகே உறங்கிய 10 தொழிலாளர்கள் மாண்ட கொடுமை, நீரிலிருந்து பிரித்தெடுத்த நஞ்சு எங்கோ ஓரிடத்தில் இருந்துகொண்டுதான் இருக்கும் என்பதை நாட்டுக்கு உணர்த்தியது.

வெள்ளச் சமவெளியில் இன்று காடு என்று சொல்லத்தக்கதாக இருப்பது பெரும்பாலும் சீமைக்கருவேலமே. ஆற்றோரத்தில் மருதும் நாவலும் புங்கனும் நின்ற இடத்திலும், கைவிடப்பட்ட ஆயக்கட்டிலும், மணல் அள்ளிய குழிகளிலும் அது அடர்ந்து வளர்ந்திருக்கிறது. உவரையும் களரையும் பொறுத்து வளர்வதால் அதுவே மண்ணைக் கெடுத்தது எனக் கூறுவோர் உண்டு. மண் கெட்டபின் வேறெதுவும் வளராத வெற்றிடத்தில் அது வந்தது என்பதே பல வயல்களுக்குப் பொருந்தும். அதன் இலைச்சருகு மேலடுக்கில் மக்கைக் கூட்டுகிறது, வேர் கடினப்பட்ட களியைத் துளைக்கிறது. நிலத்தடி நீரையும் அது மிகுதியாக உறிஞ்சுகிறது என்பதால் அதைக் காப்பதற்கு வாதாடவும் முடியாது. நீர் நிற்கும் மண்ணில் உள்ளூர் மரங்கள் நிலைபெறும் என்பதற்கு வேடந்தாங்கல் ஏரியில் கழுத்தளவு நீரில் நிற்கும் நீர்க்கடம்பும் கருவேலமும் சான்று. ஏரி முன்கரைகளில் வனத்துறை நீண்டகாலமாக வளர்த்துவரும் கருவேலந் தோப்புகளை, விறகுக் குத்தகைக்கான தோப்பாக மட்டும் கருதாமல், உவர் மண்ணின் மீட்புக்கான முதல் கட்டமாகவும் கருதித் திட்டமிடுவது தகும்.

களர் மீட்பின் முறை தமிழ்நாட்டு வேளாண் துறைக்குப் புதியதன்று. நிலத்தைச் சமன்செய்து பாத்தி கட்டி, மண் ஆய்வு காட்டும் அளவில் ஜிப்சம் இட்டு, நல்ல நீரை நிறுத்தி, இரண்டு நாள் கழித்து அதை வடிகாலில் இறக்கிவிட வேண்டும்; ஜிப்சத்தில் உள்ள கால்சியம் சோடியத்தை விடுவிக்க, அது சல்பேட்டாகக் கரைந்து நீரோடு வெளியேறும். இதைச் சிலமுறை செய்தபின் தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழுதால், அது மக்கும்போது வெளிப்படும் கரியமில வாயு மண்ணில் ஏற்கெனவே உள்ள சுக்கானைக் கரைத்து மேலும் கால்சியத்தைத் தரும்; பாலாற்று நிலத்துக்கு இயற்கை வைத்துள்ள சேமிப்பு அது. முதற் பயிராகக் களரைத் தாங்கும் திருச்சி நெல் ரகங்களைப் போடலாம். இம்முறையில் ஜிப்சத்துக்கு மானியம் கிடைக்கிறது. வடிகாலுக்கு எவரும் பொறுப்பேற்பதில்லை. தனி உழவர் தன் வயலிலிருந்து இறக்கிவிடும் சோடிய நீர், பக்கத்து வயலின் வழியாகவே போக வேண்டியுள்ளது. ஊரின் ஓடை தூர்ந்தும் ஆக்கிரமிக்கப்பட்டும் கிடக்கிறது. வடிகால் இல்லாமல் இட்ட ஜிப்சம், சோடியத்தைக் களியிலிருந்து பிரித்து அதே வயலில் விட்டுவைக்கிறது. கோடையில் அது மீண்டும் மேலேறுகிறது.

ஊர் முழுவதற்கும் வடிகால் அமைந்தாலும் அந்நீர் சேருமிடம் பாலாறுதான் என்பதே இக்கேள்வியின் கடினமான முனை. ஆற்றில் நீரோட்டம் இருந்த காலத்தில் அவ்வுப்பு வெள்ளத்தில் கலந்து கடலுக்குச் சென்றது. இன்று, வெள்ளம் வராத ஆண்டுகளில், அது மணலுக்குள் இறங்கி, வாணியம்பாடி முதல் செங்கல்பட்டு வரை குடிநீர் தரும் ஊற்றைக் கெடுக்கும். எனவே வடிகாலைத் திறப்பது வடகிழக்குப் பருவமழையில் ஆறு ஓடும் வாரங்களோடு இணைக்கப்பட வேண்டும். ஏரிகளின் கலங்கல் நீரில் ஒரு பங்கு வயலைக் கழுவுவதற்கென்றே ஒதுக்கப்பட வேண்டும். மணற்படுகை மேலும் அள்ளப்படாமல் இருக்க வேண்டும். வயலும் ஏரியும் ஆறும் தனித்தனித் துறைகளின் கோப்புகளில் இருக்கும் வரை இது நடக்காது.

2025 ஜனவரி 30 அன்று உச்ச நீதிமன்றம் இதே வழக்கின் தொடர்ச்சியாக அளித்த தீர்ப்பில், நிலுவை இழப்பீட்டை வழங்கவும், ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவர் தலைமையில் குழு அமைத்துச் சுற்றுச்சூழல் தணிக்கை நடத்தவும் ஆணையிட்டுள்ளது. அத்தணிக்கை நீரின் மாதிரிகளோடு நின்றுவிடாமல், பாதிக்கப்பட்ட ஊர்களில் சர்வே எண் வாரியாக ஒன்றரை மீட்டர் ஆழம் வரை மண்ணை வெட்டிப் பார்த்து, வடிதிறன், சோடிய விகிதம், குரோமியத்தின் இரு வடிவங்கள், மாங்கனீசு ஆகியவற்றைப் பதிவுசெய்து, ஊர் வடிகால் வரைபடத்தோடு சேர்த்து உழவர் கையில் தமிழில் கொடுக்க வேண்டும். மாசுபடுத்தியவரிடம் பெறும் தொகையின் முதற் செலவு, தூர்ந்த ஓடைகளைத் திறப்பதாக இருக்கட்டும்.